சண்முகக்கனி, பி.எஸ்ஸி.

செய்தி வந்தபோது அப்பா ஒருவருக்குக் கொத்தமல்லி நிறுத்துக்கொண்டிருந்தார். திருச்சுழியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் கடை. கடைக்குப் பின்னால் வீடு. எங்களிடம் போன் கிடையாது. பக்கத்து மருந்துக் கடைக்குத்தான் வரும். மருந்துக் கடைக்காரர் படியேறி வந்து, "அண்ணாச்சி, மதுரையிலருந்து போனு. கனி போயிருச்சாம்" என்றார். அப்பா தராசு முள் நிற்கும்வரை பார்த்தார். தட்டிலிருந்து ஒரு சிட்டிகை மல்லியை எடுத்துக் குறைத்தார். தாளில் கொட்டி, மடித்து, சணல் சுற்றி முடிச்சுப் போட்டு, மீதிச் சில்லறையையும் கொடுத்த பிறகுதான் மூடையின் மேல் உட்கார்ந்தார். கல் நெஞ்சுக்காரர் என்று பிறகு சிலர் பேசினார்கள். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்த நேரத்தில் அவருடைய கைகளுக்கு வேறெதுவும் செய்யத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அது நடந்து பதினோரு நாளாகிறது. இறந்தது என் அக்கா சண்முகக்கனி. வயது இருபத்தேழு. மல்லாங்கிணற்றில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று வயது நிறையாத ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மஞ்சள் காமாலை என்றார்கள். கீழாநெல்லி கொடுத்தார்கள், பத்தியம் இருக்கச் சொன்னார்கள், கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்துதான் போனாள். ஜன்னலோரம் இடம் கேட்டாளாம்.

இதைப் படிக்கப் போகிறவர்கள் அருப்புக்கோட்டையில் அவளோடு கல்லூரியில் படித்தவர்கள். வீரசோழன் ஊரிலிருந்து துக்கத்துக்கு வந்த மெகர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்ம செட்டு ஆளுக சேந்து வருசா வருசம் ஒரு சின்ன மலர் போடுறோம்ல, அதுல கனியப் பத்தி நாலு வார்த்தை நீ எழுதிக் குடு. உங்க வீட்ல வேற யாரும் எழுத மாட்டாக" என்றார். ஏன் எழுத மாட்டார்கள் என்பது மெகர் அக்காவுக்குத் தெரியும். உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் என் அக்காவைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் தாள்களை அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கல்லூரிக்குப் போகக் கேட்டபோது எனக்கு எட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு வாங்கியிருந்தாள். எங்கள் வீட்டில் எதற்கும் கடைசி வார்த்தை அத்தையுடையது, அப்பாவுக்கு மூத்தவர். "டைப்பு அடிக்கப் படிச்சா ஆறு மாசத்துல முடிஞ்சுரும். கணக்குப் படிச்சு இவ என்னத்த, நெலாவுக்கு ரோடு போடப் போறாளா?" என்றார். அப்பா ஒரு துண்டுத் தாளை எடுத்தார். எந்தச் சரக்கை வாங்குவதென்றாலும் முதலில் அதன் அசலைத் தாளில் எழுதிப் பார்ப்பது அவர் வழக்கம். ஃபீஸ், பஸ், புத்தகம், சேலை, சாப்பாடு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மூன்றால் பெருக்கினார்.

அக்கா எதிரே நின்று தலைகீழாகவே அதைப் படித்தாள். "சாப்பாட்ட அடிச்சிருங்கப்பா."

"ஏன்?"

"காலேசுக்குப் போகலன்னா சோறு போட மாட்டீகளா? வீட்ல சும்மா கெடந்தாலும் தின்னத்தான செய்வேன். அந்தச் சோறு எப்படி படிப்புக் கணக்குல வரும்?"

அப்பா தாளைப் பார்த்தார். பிறகு சாப்பாடு என்ற வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். "இவள யாவாரத்துல விட்டா நம்மளையே வித்துட்டு வந்துருவா" என்று அத்தையிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த ஒரு கோட்டினால் என் அக்கா உங்களோடு வந்து சேர்ந்தாள்.

கல்லூரிக்குள் அவளை நீங்கள்தான் பார்த்தீர்கள். நான் பார்த்தது சாயங்கால பஸ்ஸிலிருந்து இறங்கும் அவளை. காற்றடி காலத்தில் கரிசல் மண் முகமெல்லாம் அப்பியிருக்கும். கழுவாமலே உட்கார்ந்து கணக்குப் போடுவாள். நோட்டு தீர்ந்துவிட்டால் கடையில் பொட்டலம் மடிக்க வைத்திருக்கும் தாள்களை எடுத்துக்கொள்வாள். போட்டு முடித்துத் திரும்ப அங்கேயே வைத்துவிடுவாள். அப்பா கவனிக்காமல் அதில் மிளகாய் மடித்துக் கொடுப்பார். ஒருநாள் ஒரு பெரியவர் பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இதுல பாம்பு பாம்பா வரைஞ்சு என்னமோ எழுதியிருக்கு. செய்வினை கிய்வினையா இருந்துறப் போவுது. வேற தாள்ல மடிச்சுக் குடுங்க" என்றார். பாம்பு என்று அவர் சொன்னது இன்டெக்ரேஷன் குறியை. அக்கா உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

பட்டம் வாங்கிய பின் ஒரு தனியார் பள்ளியில் மாதம் நானூறு ரூபாய்க்குச் சேர்ந்தாள். பஸ்ஸும், பள்ளிக்கூடம் கட்டச் சொன்ன சேலையும் போக எவ்வளவு நிற்கிறது என்று அப்பா எழுதிப் பார்த்தார். அதிகம் நிற்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் பி.எட். படித்தால் அரசாங்கப் பள்ளிக்கு மனுப் போடலாம் என்று அக்கா சொன்னாள். அப்பாவுக்குக் கோபம் வந்தது. "கெணறு வெட்டுறவன் இன்னும் பத்தடி, இன்னும் பத்தடின்னு கேக்குற மாதிரில்ல இருக்கு நீ சொல்றது."

"அந்தப் பத்தடியிலதாம்ப்பா தண்ணி கெடக்கும்."

"எத்தன பேரு அப்படியே காட்ட வித்தாம்னு எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் வறண்ட கிணறு தோண்டிக் காட்டை இழந்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர் பயந்ததில் நியாயம் இல்லையென்று சொல்ல மாட்டேன். அதோடு தோண்டுவது நின்றது.

பிறகு மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்போதுதான் அப்பாவுக்கு இன்னொரு செலவு தெரிந்தது. பட்டம் படித்த பெண்ணுக்குப் பட்டம் படித்த மாப்பிள்ளைதான் பொருந்தும். அப்படிப்பட்டவருக்கு நாற்பது பவுன் கேட்டார்கள். கடை வைத்திருக்கும் பத்தாவது படித்த மாப்பிள்ளைக்கு இருபது போதும். "படிக்க வச்சதுக்கு ஒரு செலவு, படிச்சதுக்கு ஒரு செலவா?" என்று அப்பா அத்தையிடம் கேட்டார். கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மல்லாங்கிணறு இடத்தைக் கொண்டுவந்த தரகர் வழி சொன்னார். மாப்பிள்ளை பத்தாவது. கடை, குடோன், ஒரு லாரி. நல்ல குணம். "டிகிரின்னு சொன்னா அங்க மெரண்டுருவாக, அண்ணாச்சி. பன்னெண்டுன்னு சொல்லுங்க. பொய்யும் இல்லையே. பன்னெண்டு படிச்சுட்டுத்தான உங்க பொண்ணு பதினஞ்சு படிச்சுச்சு?"

அத்தைக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போனது. அப்பா மூன்றாம் நாள் அக்காவிடம் வந்தார். நின்றுகொண்டே சொன்னார். "மூணு வருசம் என்ன செஞ்சன்னு யாரும் கேட்டா, வீட்ல இருந்தேன்னு சொல்லு தாயி."

அக்கா மெதுவாக, "அன்னைக்குச் சாப்பாட்ட அடிச்சமேப்பா, இப்ப மூணு வருசத்தையும் அடிக்கிறீகளா?" என்றாள்.

அப்பா கடைக்குப் போய்விட்டார்.

அதனால்தான் உங்களில் யாருக்கும் கல்யாணப் பத்திரிகை வரவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று சிலர் வருத்தப்பட்டதாக மெகர் அக்கா சொன்னார். அவள் மறக்கவில்லை. உங்களில் ஒருவர் வந்து பந்தியில் உட்கார்ந்து, "கனி, நம்ம காலேசுல" என்று தொடங்கினால் எல்லாம் தெரிந்துவிடும் என்பதால் ஒருவரையும் கூப்பிடக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். புறப்படும் அன்று அக்கா தன் பட்டத்தைப் பழைய காலண்டர் தாளில் சுருட்டி என்னிடம் கொடுத்தாள். "இது அங்க வரக்கூடாதாம். உன் பெட்டியில போட்டுக்கோ" என்றாள். பல் விளக்கும் குச்சியைக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கே அவளை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. இதைத் தெளிவாக எழுத விரும்புகிறேன். அத்தான் நல்லவர். அவளுக்கு முடியாமல் போன பிறகு, லாரி வேலையை விட்டுவிட்டு தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒரு வீட்டில் நல்லவர்களோடு பொய் சொல்லிக்கொண்டு இருப்பது எப்படிப்பட்டது என்று அக்கா ஒருமுறை பொங்கலுக்கு வந்தபோது சொன்னாள்.

அவர்கள் குடோனில் பருத்திவிதை மூடைகளை அட்டி போட்டிருந்தார்களாம். கீழே அகலமாக, மேலே போகப் போகக் குறுகலாக. கீழ் அடுக்கில் நீளத்துக்கு ஒன்பது, அகலத்துக்கு ஆறு. ஒவ்வொரு அடுக்குக்கும் நீளத்தில் ஒன்று, அகலத்தில் ஒன்று குறையும். நான்கு அடுக்கு. லாரிக்காரர் ஒரு எண்ணிக்கை சொல்ல, மாமனார் ஒன்று சொல்ல, ஆட்கள் மேலே ஏறி எண்ணினார்கள். முதல் தடவை நூற்று முப்பத்து நான்கு. அடுத்த தடவை நூற்று நாற்பத்து மூன்று. காலையில் தொடங்கிய சண்டை சாப்பாட்டு நேரம்வரை போனது.

"நான் சமையக்கட்டு சன்னல்ல நின்னு பாத்தேன். அம்பத்து நாலு, நாப்பது, இருபத்தெட்டு, பதினெட்டு. நூத்தி நாப்பது. அப்பளம் பொரியுறதுக்குள்ள வந்துருச்சு. சொல்லலடி."

"ஏன்க்கா? பன்னெண்டு படிச்சவளுக்கு இது தெரியாதா?"

"தெரியும். ஒண்ணச் சொன்னா இன்னொண்ணக் கேப்பாக. இன்னொண்ணச் சொன்னா எங்கடி படிச்சேம்பாக. வாய மூடிக்கிட்டுக் குழம்பத் தாளிச்சேன்." பிறகு சொன்னாள்: "மாமியா பால் கணக்குப் பாக்கச் சொல்லுவாக. வாரத்துக்கு ஒரு தப்பாவது போட்டுருவேன். எந்தக் கிழமை போடுறதுன்னும் யோசிச்சுத்தான் போடுவேன். எப்பவும் செவ்வாக்கிழமையே தப்பு வந்தா கண்டுபிடிச்சுருவாகல்ல?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அவள் மட்டும் நிறுத்திவிட்டாள். "சரியாப் போட மூணு வருசம் படிச்சேன். தப்பாப் போட யாரும் சொல்லித் தரல, நானே படிச்சுக்கிட்டேன்" என்றாள்.

பேறுகாலத்துக்கு வந்திருந்தபோது இன்னொன்று நடந்தது. விருதுநகர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவள் பெயரைப் பதிந்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்த அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ஒன்பது மாத வயிற்றோடு உட்கார்ந்து மனு எழுதி, பதில் என் பள்ளிக்கூட விலாசத்துக்கு வரும்படி உறையும் வைத்து, தபாலில் போட்டுவரச் சொன்னாள்.

"வேலை வந்தா போவியாக்கா?"

"வேலையெல்லாம் வராதுடி. எங்களுக்கு முன்னால ஆயிரம் பேரு நிக்கிறாக. வந்தாலும் யாரு விடுவா?"

"பெறகு எதுக்கு?"

"எங்கயாவது ஒரு ஆபீசுல, ஒரு நோட்டுல, நான் பி.எஸ்ஸி.ன்னு இருக்கட்டும்."

பதில் வந்தது. வகுப்பாசிரியை அதை என் கையில் கொடுத்து, "யாருடி இது சண்முகக்கனி?" என்று கேட்டார். "தெரிஞ்ச அக்கா, மிஸ்" என்றேன். என் சொந்த அக்காவை நான் அப்படிச் சொன்னேன். நானும் அந்தப் பொய்யில் பங்கு வாங்கிக்கொண்டேன். அதற்கு இன்றைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. உங்கள் முன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக அவள் வந்தது இந்தப் பொங்கலுக்கு. நான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்குப் பேச்சு நன்றாக வந்திருந்தது. எண்ணவும் கற்றுக்கொடுத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். பத்துக்குப் பிறகு ஒரே தாவாக "நூத்தி நாப்பது" என்று சொல்லிவிட்டுக் கைதட்டும். குழந்தைக்கு நிறைய என்றால் நூற்று நாற்பதுதான். "எத்தன முறுக்கு வேணும்?" "நூத்தி நாப்பது." "அம்மாவ எவ்ளோ பிடிக்கும்?" "நூத்தி நாப்பது." அந்த வீட்டில் சொல்லாத ஒன்றை அவள் குழந்தையின் வாயில் போட்டு வைத்திருந்தாள். அங்கே எல்லோரும் அதைக் கேட்டுச் சிரிப்பார்களாம். ஏன் நூற்று நாற்பது என்று ஒருவரும் கேட்டதில்லையாம்.

அன்று பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "அக்கா, நானும் மேக்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன். அதுல என்னதான் லாபம்?"

அருவாமனையிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தாள். ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று நினைத்தேன். "எட்டு மாசச் சம்பளத்தத் தவிர நான் அதுல ஒரு ரூவா பாக்கல" என்றாள். "அதுக்காக அது நட்டம்னு சொல்ல மாட்டேன். சரக்க வாங்குனோம், மூடைய அவுக்காம குடோன்ல போட்டுப் பூட்டிட்டோம். அவுக்காத மூடை என்ன வெலைக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்? அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

மறுபடி நறுக்கத் தொடங்கினாள். தலை நிமிராமல் சொன்னாள். "படிச்சா மறைக்காத. மறைக்கச் சொல்லுவாகன்னு இப்பவே தெரிஞ்சா, படிக்காத. இந்த ரெண்டுக்கும் நடுவுல மட்டும் போய் உக்காராத."

அவள் கண்ணில் மஞ்சள் அப்போதே இருந்ததா என்று இந்தப் பதினோரு நாளாக நினைத்துப் பார்க்கிறேன். அவள் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கண் ஞாபகத்துக்கு வரவில்லை. நான் பூசணிக்காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அத்தை பேச்சை எடுத்தார். குழந்தை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. "பச்சப்புள்ளைய எவகிட்டயோ விட முடியுமா? மாப்பிள்ள தங்கமான மனுசன். சின்னவளுக்கு ஆவணியில பதினெட்டு முடியுது. கருமாதி அன்னைக்கே அவுக கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சுருவோம்" என்றார். அம்மா அழுதாள், வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அத்தையே தொடர்ந்தார். "புது நகை ஒரு குண்டுமணி வேண்டாம். அதே வீடு, அதே கல்லா. பெரியவளுக்குச் சொன்ன பொய்ய இவளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்ல. இவ நெசமாவே பன்னெண்டு. அதோட நிறுத்திருவோம்."

நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் வாயிலிருந்து, "நான் காலேசுக்குப் போகணும்" என்று வந்தது. எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னக் குரலில். அத்தைக்குக் கேட்டுவிட்டது. "அவ டிகிரி என்னத்தக் கொண்டாந்து கொட்டுச்சு, நீ போறதுக்கு?"

அப்பா ஒரு துண்டுத் தாளை எடுத்தார். ஃபீஸ், பஸ், புத்தகம், சேலை. இப்போது எல்லாமே கூடியிருக்கிறது. கடைசியில் சாப்பாடு என்று எழுதினார். எழுதிய பென்சில் அங்கேயே நின்றது. பிறகு, யாரும் சொல்லாமல், அவரே அதன் மேல் ஒரு கோடு இழுத்தார். கூட்டிப் பார்க்கவில்லை. தாளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். பஸ் நிற்கும் இடத்தில் கடைசி பஸ் போகும்வரை நின்றுகொண்டிருந்தார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாளை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் விடை இல்லை.

பத்திரிகை அடிக்கும் பொறுப்பை அத்தான் வீட்டார் அப்பாவிடம் விட்டிருந்தார்கள். இன்று சாயங்காலம் அருப்புக்கோட்டை அச்சகத்திலிருந்து கருமாதிப் பத்திரிகையின் புரூஃப் வந்தது. கறுப்புக் கரை போட்டு, நடுவில் அக்காவின் படம். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. அப்பா அதை என்னிடம் கொடுத்து, "பேரு கீரு தப்பா இருக்கான்னு பாத்து வையி தாயி. காலம்பற மொத பஸ்ஸுல குடுத்துட்டு வாரேன்" என்றார். பார்த்தேன். அத்தானின் தம்பி பெயருக்குப் பின்னால் பி.காம். என்று இருக்கிறது. ஒரு சித்தப்பா பெயருக்குப் பக்கத்தில் தாலுகா ஆபீஸ் (ஓய்வு) என்று இருக்கிறது. படத்துக்குக் கீழே "திருமதி சண்முகக்கனி" என்று மட்டும் இருக்கிறது. செத்த பிறகும் வீட்டிலேயே இருந்தவளாகத்தான் அவள் போகிறாள்.

பட்டத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கப் பெட்டியிலிருந்து அதை எடுத்தேன். நான்கு வருஷமாகச் சுருண்டே கிடந்ததால் விரித்தால் நிற்கவில்லை. கையை எடுத்ததும் ஓடிப்போய்ச் சுருண்டுகொண்டது. சத்தம் வராமல் கடைக்குள் போய் எடைக்கற்கள் நான்கை எடுத்து வந்து நான்கு மூலையிலும் வைத்தேன். முழுதாகப் படித்தேன். கணிதம், முதல் வகுப்பு. முதல் வகுப்பு என்று அவள் எங்களிடம் சொன்னதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

பிறகு புரூஃபில் அவள் பெயருக்குப் பின்னால், சிவப்பு மையில், பி.எஸ்ஸி. (கணிதம்) என்று எழுதினேன். அதை மடித்து உறையில் போட்டு அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அவர் பிரித்துப் பார்க்க மாட்டார். ஒருவேளை பார்த்தாலும் பார்ப்பார். பார்த்து என்ன செய்வார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவசரமாக எழுதியதில் அடைப்புக்குறி சரியாக மூடவில்லை. அச்சுக்கோப்பவர் சரிசெய்துகொள்வார்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அந்தப் பத்திரிகை ஊரெல்லாம் போயிருக்கும், அல்லது போகாமல் தடுக்கப்பட்டிருக்கும். போனால், பொய் சொல்லிக் கட்டிவைத்த வீடு என்று மல்லாங்கிணற்றில் சொல்வார்கள். அவர்கள் அப்படிச் சொல்வது சரிதான். பொய் சொன்ன வீட்டில் இரண்டாவது பெண்ணையும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்காக மட்டும் இதைச் செய்தேனா, அக்காவுக்காகச் செய்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் கோபத்தில் அவர்கள் குழந்தையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அத்தான் அதை நன்றாகத்தான் வளர்ப்பார். இருந்தாலும் இந்தக் கணக்கில் குழந்தையை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை: இந்தப் பட்டம். வருகிற ஜூன் மாதம் புதுப்பிக்க வேண்டிய, இனிப் புதுப்பிக்க முடியாத ஓர் அட்டை. இரண்டுக்கும் நடுவில் உட்காராதே என்று அவள் சொன்ன சொல். பிறகு, ஒரு எண். இன்று தூங்கவைக்கும்போது குழந்தை, "அம்மா எத்தன நாள்ல வரும்?" என்று கேட்டது. நான் போர்வையை இழுத்துவிட்டேன். அதுவே, "நூத்தி நாப்பதா?" என்றது. "அதுக்கு மேல" என்றேன். அதற்கு மேல் ஒரு எண் இருக்கிறது என்பது அதற்கு ஆச்சரியமாக இருந்தது. யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டது.

மெகர் அக்கா, மலரில் அவள் பெயரை முழுதாகப் போடுங்கள். என் பெயர் வேண்டாம்.

விடிவதற்குள் எடைக்கற்களைக் கடையில் திருப்பி வைக்க வேண்டும். அதுவரை பட்டம் விரிந்து கிடக்கட்டும்.